தாடை ஆபரேஷனுக்குப் பின் வரும் வீக்கமும் ஸ்டீராய்டு மருந்தும் – நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை



இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் கடன் திருப்பம், வங்கி இணைப்பு, சத்துணவு பற்றித்தான் எழுதுவோம். இந்த முறை மருந்து விஷயம் ஒன்றை எழுதுகிறோம். நம் கூட்டமைப்பில் உள்ள ஓர் அக்காவுக்கு நடந்ததுதான் இதற்குக் காரணம். “என் பேரு ஊரு போடாதீங்க, ஆனா நாலு பேருக்குத் தெரியட்டும், எழுதுங்க” என்று அவரே சொன்னார்.

அவருக்கு வயது 46. வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை. ஐந்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. கீழ்த்தாடையில் ஒரு சொத்தைப் பல்லைக் கவனிக்காமல் விட்டதில், பல்லின் வேருக்கு அடியில் நீர்க்கட்டி வளர்ந்து தாடை எலும்பையே அரித்துவிட்டது. குழுவில் உள்கடன் வாங்கி ஆபரேஷன் செய்துகொண்டார். டாக்டர்கள் முதலில் சர்க்கரையைக் கட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆபரேஷன் அன்றும் மறுநாளும் வீக்கத்துக்கு ஊசி போட்டார்கள். இரண்டு வேளையும் சர்க்கரை பார்த்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு முகம் மறுபடியும் உப்பியது. பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்த அந்த ஊசி மருந்தின் பெயரை மருந்துக் கடையில் காட்டி, அதையே மாத்திரையாக வாங்கி வந்தார். “ஆஸ்பத்திரியில குடுத்த மருந்துதானுங்க, போட்டா வத்திருமுங்க” என்றார். அந்த வாரம் நாங்கள் ஊருக்குப் போனபோது அக்கா எங்களிடமும் கேட்டார். “டாக்டர் எழுதின மருந்துதானே அக்கா, பரவாயில்லை” என்று நாங்களும் சொல்லிவிட்டோம். சீட்டை வாங்கிப் பார்க்கவில்லை. அது எங்கள் தவறு. அதை மறைக்க விரும்பவில்லை.

ஆறு நாள் மாத்திரை போட்டார். முதல் இரண்டு நாள் வீக்கம் குறைந்த மாதிரி இருந்தது. வலியும் குறைந்தது, பசியும் எடுத்தது. காய்ச்சல் இல்லை. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆறாம் நாள் வாயைத் திறக்க முடியவில்லை. தாடைக்குக் கீழே கல்லு மாதிரி இறுகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. உள்ளே சீழ் கட்டியிருந்தது. மறுபடியும் கீறிச் சீழை எடுத்து, பத்து நாள் படுக்கையில் வைத்துத்தான் காப்பாற்றினார்கள்.

அதன் பிறகுதான் விவரம் தெரிந்த டாக்டர்களிடம் உட்கார்ந்து கேட்டோம், படித்தோம். தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

வீக்கம் ஏன் வருகிறது?

ஆபரேஷன் என்பதும் உடம்புக்கு ஒரு காயம்தான். காயம் பட்ட இடத்தைச் சரிசெய்ய உடம்பு சில ரசாயனங்களைச் சுரக்கிறது. அவை அங்கே உள்ள சின்னச் சின்ன ரத்தக் குழாய்களை விரியச் செய்கின்றன. குழாயின் சுவரில் இடைவெளி விழுகிறது. நம் ராஜவாய்க்காலில் தண்ணீர் கூடினால் கரை கசிந்து பக்கத்து வயல் ஊறிப்போகும் அல்லவா, அதேபோல ரத்தத்தில் உள்ள நீர் கசிந்து சதைக்குள் தேங்குகிறது. அதுதான் வீக்கம். முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம், சதையும் தளர்வானது. அதனால் கை காலைவிட முகம் சீக்கிரம் உப்பும்.

இந்த வீக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஆபரேஷன் ஆன அன்று மிதமாக இருக்கும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் உச்சத்துக்குப் போகும். நான்காம் நாளிலிருந்து மெல்ல இறங்கத் தொடங்கும். பெரும்பகுதி இரண்டு வாரத்தில் வற்றிவிடும். தாடை எலும்பை வெட்டி நகர்த்திய பெரிய ஆபரேஷன் என்றால், மிச்சம் மீதி வீக்கம் வற்றச் சில மாதங்கள்கூட ஆகலாம். கன்றிய இடம் ஊதாவாகி, மஞ்சளாகி, கழுத்து வரை இறங்குவதும் வழக்கம்தான்.

“நேத்து நல்லா இருந்துச்சு, இன்னைக்கு ஏனுங்க இப்படி வீங்கிக் கெடக்குது?” என்று பல வீடுகளில் பயப்படுவது இந்த மூன்றாம் நாளில்தான். பெரும்பாலும் அந்த நாளில்தான் நோயாளி வீட்டுக்கு வந்திருப்பார். பக்கத்தில் நர்ஸ் இருக்க மாட்டார். ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். தவறு நடப்பதும் அப்போதுதான்.

ஸ்டீராய்டு என்றால் என்ன?

நம் இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்த மாதிரி ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. அட்ரீனல் சுரப்பி என்று பெயர். அது தினமும் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. வீக்கத்தை அடக்குவது, சர்க்கரையை ஏற்றி இறக்குவது, ரத்த அழுத்தத்தைக் காப்பது எல்லாம் இதன் வேலை. இதைப்போலவே வேலை செய்யும்படி தயாரித்த மருந்துகள்தான் ஸ்டீராய்டு. டெக்சாமெத்தசோன், மெத்தில் பிரெட்னிசலோன், பிரெட்னிசலோன், ஹைட்ரோகார்டிசோன், பீட்டாமெத்தசோன் ஆகியவை நம் ஊர்களில் அதிகம் புழங்கும் பெயர்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் சதை ஏற்றப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு வேறு வகை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

1948-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மூட்டு வாதத்தால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு இந்த வகை மருந்தை முதன்முதலாகக் கொடுத்தார்கள். சில நாளிலேயே அவர் எழுந்து நடந்தார். உலகமே வியந்தது. இதற்காக ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் என்ற மூவருக்கும் 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதே மருந்தை அதிக அளவில், நாள் கணக்கில்லாமல் கொடுத்தபோது முகம் உப்புவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு பலவீனமாவது, கிருமி தொற்றுவது எல்லாம் தொடர்ந்து வந்தன. ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்ற பழமொழி இந்த மருந்துக்கு அப்படியே பொருந்தும்.

தாடை ஆபரேஷனில் இதை ஏன் கொடுக்கிறார்கள்?

ஸ்டீராய்டு வாய்க்கால் கரையின் கசிவை அடைக்கிறது. வீக்கம் உண்டாக்கும் ரசாயனங்கள் உருவாவதையே குறைக்கிறது. கடைவாய்ப் பல்லை எலும்பிலிருந்து குடைந்து எடுப்பது, உடைந்த தாடைக்குப் பிளேட் வைப்பது, முன்னால் தள்ளிய தாடையை வெட்டிச் சரிசெய்வது போன்ற ஆபரேஷன்களில் இது பயன்படுகிறது. முதல் சில நாட்களில் வீக்கம் குறைகிறது, வாய் ஓரளவு திறக்க முடிகிறது, மயக்க மருந்தால் வரும் வாந்தியும் குறைகிறது. பல்லைக் கம்பியால் கட்டியிருப்பவருக்கு வாந்தி வருவது ஆபத்து. தொண்டைப் பக்கம் வீங்கினால் மூச்சுக்கே இடைஞ்சல். அதனால் இது வெறும் அழகுக்காகக் கொடுக்கும் மருந்து இல்லை.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, நேரம். இந்த மருந்து முழுதாக வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும். அதனால் ஆபரேஷனுக்குச் சற்று முன்போ, ஆபரேஷன் நடக்கும்போதோ கொடுப்பதில்தான் பலன் அதிகம். கரை உடைவதற்கு முன் மண்மூட்டை போடுவது போல. வயலில் தண்ணீர் நின்ற பிறகு மூட்டை அடுக்கி என்ன பிரயோசனம்? நான்காம் நாள், ஐந்தாம் நாள் போடும் மாத்திரை ஏற்கெனவே தேங்கிய நீரைப் பெரிதாக வற்றவைக்காது.

இரண்டு, அளவு. பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 4 முதல் 8 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். 8 மில்லிகிராம் என்பது கேட்க மிகச் சின்னது. ஆனால் நம் சுரப்பி ஒரு நாள் முழுவதும் சுரக்கும் கார்டிசாலைப்போல சுமார் 10 மடங்கு வேலையை அது செய்யும். ஒரு முறை உடம்புக்குள் போனால் ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள் வரை அதன் வேலை நீடிக்கும். ஆகவே “சின்ன மாத்திரைதானுங்க” என்று அலட்சியமாக நினைக்கக் கூடாது.

மூன்று, நாள். பெரும்பாலும் ஒரே வேளை, அல்லது ஒன்றிரண்டு நாள், பெரிய ஆபரேஷன் என்றால் சில வேளை கூடுதல். அவ்வளவுதான். மருந்தை நிறுத்தியதும் சிலருக்கு வீக்கம் கொஞ்சம் திரும்ப வரும். அது எதிர்பார்க்கக் கூடியதுதான். அதற்காக நாமே மருந்தை நீட்டக் கூடாது. சில நாள் போனால், ஸ்டீராய்டு வாங்கியவர், வாங்காதவர் முகத்தில் பெரிய வித்தியாசமும் இருக்காது. எல்லா ஆபரேஷனுக்கும் இது தேவையும் இல்லை. “பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஊசி போட்டாங்க, எனக்குப் போடலையே” என்று வருத்தப்பட வேண்டாம்.

அக்காவுக்கு என்ன நடந்தது?

இப்போது திரும்பிப் பார்த்தால் புரிகிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்ததும் அதே மருந்துதான், வீட்டில் போட்டதும் அதே மருந்துதான். ஆஸ்பத்திரியில் சரியான நேரத்தில், இரண்டு நாள் மட்டும், சர்க்கரையைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். வீட்டில் நேரம் தப்பி, ஆறு நாள், சர்க்கரை பார்க்காமல் போட்டார். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றியது. சர்க்கரை ஏறிய உடம்பில் கிருமி வேகமாகப் பெருகியது. அந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தியையும் ஸ்டீராய்டு குறைத்தது. கூடவே காய்ச்சல், வலி, சிவப்பு ஆகிய எச்சரிக்கைகளையும் அமுக்கிவிட்டது. வீட்டுக்குள் திருடன் வந்திருக்கிறான், குரைக்க வேண்டிய நாயின் வாயைக் கட்டிவிட்டோம். நடந்தது இதுதான்.

கொரோனா காலம் சொல்லிக் கொடுத்த பாடம்

இந்த மருந்தை நாம் எல்லோரும் கேள்விப்பட்டது கொரோனாவில்தான். 2020 ஜூன் மாதம் இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு வந்தது. தினம் 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், அதிகபட்சம் 10 நாள். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அதனால் பலனே இல்லை. இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும், 2021 இரண்டாம் அலையில் லேசான காய்ச்சலுக்கே பலர் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் ஸ்டீராய்டும் அதிகம் வாங்கியவர்களைக் கருப்பு பூஞ்சை நோய் அதிகம் பிடித்தது. 2021 மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. மேல்தாடையை, கண்ணை இழந்தவர்கள் உண்டு. சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் கொடுத்தால் உயிரைக் காக்கும் மருந்து, தப்பாகக் கொடுத்தால் தாடையையே எடுக்க வைத்துவிடும்.

ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். நீங்களாகவே சொல்லுங்கள்.

1. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்.
2. வயிற்றுப் புண் உண்டா. வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம்.
3. காசநோய் முன்பு வந்ததா, இப்போது மருந்து சாப்பிடுகிறீர்களா.
4. கண் அழுத்த நோய் உண்டா. மனநலத்துக்கு மருந்து எடுக்கிறீர்களா.
5. கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா.
6. ஆஸ்துமா, மூட்டு வலி, தோல் நோய்க்கு ஏற்கெனவே ஸ்டீராய்டு சாப்பிடுகிறீர்களா. இது மிக முக்கியம். வாரக் கணக்கில் சாப்பிட்டவர்களுக்குச் சொந்தச் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். அவர்கள் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ஆபரேஷன் நேரத்தில் உயிருக்கே ஆபத்து. ஓரிரு நாள் மட்டும் வாங்கியவர்களுக்கு இந்தப் பயம் இல்லை.
7. உடம்பு தேற, மூட்டு வலி போக என்று பெயர் தெரியாத மாத்திரை, பொடி வாங்கிச் சாப்பிட்டீர்களா. வெட்கப்படாமல் சொல்லுங்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு.

ஸ்டீராய்டு ஊசி போட்ட ஓரிரு நாள் தூக்கம் வராமல் இருப்பது, முகம் சிவப்பது, அதிகம் பசிப்பது, மனம் படபடப்பது சிலருக்கு வரும். மாதவிலக்கு முன்பின் தள்ளிப்போகலாம். தானாகச் சரியாகிவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஓரிரு நாள் சர்க்கரை ஏறும். அந்த நாட்களில் கட்டாயம் பரிசோதனை செய்ய வேண்டும்.

வீக்கத்துக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

முதல் இரண்டு நாள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, ஒரு முறைக்கு 20 நிமிடத்துக்கு மேல் போகாமல், விட்டு விட்டு ஒத்தடம் கொடுங்கள். ஐஸை நேராகத் தோலில் வைக்கக் கூடாது. மரத்துப்போன இடத்தில் சுட்டாலும் குளிர்ந்தாலும் தெரியாது, கவனம். வெந்நீர் ஒத்தடம் முதல் இரண்டு நாள் வேண்டாம். பிறகு டாக்டரைக் கேட்டுக்கொண்டு கொடுக்கலாம். இரண்டு மூன்று தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள். தட்டையாகப் படுத்தால் காலையில் வீக்கம் கூடும்.

தையல் போட்ட இடத்தில் மஞ்சள் பத்து, சுண்ணாம்பு, விபூதி எதுவும் வேண்டாம். வெற்றிலை பாக்கு, புகையிலை பக்கமே போகக் கூடாது. டாக்டர் சொன்ன நாளிலிருந்து உப்புத் தண்ணீரில் மெதுவாக வாய் கொப்பளியுங்கள். ராகிக் கூழ், பருப்புத் தண்ணீர், மோர், அடித்த முட்டை, குழைந்த கஞ்சி நல்லது. நம் பகுதியில் உடம்பு தேற வேண்டும் என்று வெல்லம் போட்ட பாலும் வாழைப்பழக் கூழும் கொடுப்பார்கள். சர்க்கரை உள்ளவருக்கு அது வேண்டாம். பல்லைக் கம்பியால் கட்டி அனுப்பியிருந்தால், வாந்தி வந்தால் கம்பியை எப்படி வெட்டுவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வெட்டும் கருவியைப் பக்கத்திலேயே வையுங்கள்.

காத்திருக்காமல் ஓட வேண்டிய அறிகுறிகள்

மூச்சு விடச் சிரமம், எச்சில் விழுங்க முடியாமை, நாக்குக்கு அடியிலோ கழுத்திலோ கல்லு மாதிரி இறுகுவது, குரல் மாறுவது: இவை வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். மூன்று நாள் கழிந்தும் வீக்கம் கூடிக்கொண்டே போவது, குறைந்த வீக்கம் மறுபடியும் வேகமாக ஏறுவது, சீழ், கெட்ட வாடை, காய்ச்சல், பார்வை மங்குவது அல்லது இரண்டாகத் தெரிவது, நிற்காத ரத்தம்: இவற்றுக்கு அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும். காய்ச்சல் இல்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடையாதீர்கள். ஸ்டீராய்டு வாங்கியவருக்குக் காய்ச்சல் வெளியே தெரியாமலும் இருக்கலாம்.

மருந்துக் கடையில்

ஸ்டீராய்டு மாத்திரைகள் சட்டப்படி டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகள். ஒரு டீ விலைக்குள் ஓர் அட்டை கிடைத்துவிடும், அதனால்தான் இவ்வளவு சுலபமாகக் கைமாறுகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டு பகுதி இருக்கும். ஒன்று ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து. மற்றொன்று வீட்டில் சாப்பிட வேண்டிய மருந்து. இரண்டாவது பகுதியில் எழுதியதை மட்டும்தான் வாங்க வேண்டும். பழைய சீட்டு, பக்கத்து வீட்டுச் சீட்டு எதுவும் உதவாது. படிக்கத் தெரியாவிட்டால் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் நர்ஸிடம், “எது எத்தனை நாளைக்கு, எப்ப நிறுத்தணும்?” என்று கேட்டுச் சீட்டிலேயே குறித்து வாங்குங்கள்.

நம் குழுக்கள் என்ன செய்யலாம்?

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோது, வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கும் பொறுப்பு சுய உதவிக் குழுப் பெண்களுக்குத்தான் கிடைத்தது. ஆபரேஷன் முடிந்து வந்த உறுப்பினர் வீட்டைத் தன்னார்வலரிடம் முதலிலேயே சொல்லி வைப்போம். முதல் வாரத்தில் இரண்டு முறை சர்க்கரை பார்த்திருந்தால் நம் அக்கா இரண்டாவது முறை கத்திக்குப் போயிருக்க மாட்டார்.

நம் பைபாஸில் பைக் விபத்தில் தாடை உடைந்து வரும் பிள்ளைகள் நிறைய. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகளில் கட்டணமின்றிக் கிடைக்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எல்லோரும் எடுத்து வையுங்கள். கடன் வாங்கும் முன் இந்த இரண்டையும் விசாரியுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநர்கள் இந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டுகிறோம். மருத்துவக் கடன் கொடுக்கும்போது, ஆபரேஷன் முடிந்து வந்தவர் வீட்டுக்கு மூன்றாம் நாள் இரண்டு உறுப்பினர்கள் போய்ச் சீட்டைப் பார்ப்பது என்று ஒரு தீர்மானமும் போடுங்கள். நாங்களும் எங்கள் பணியாளர்களுக்கு ஒரு விதி வைத்துக்கொண்டோம். மருந்து பற்றி யார் கேட்டாலும் “பரவாயில்லை” என்று சொல்வதில்லை. “சீட்டைக் காட்டுங்க, டாக்டருக்குப் போன் போடலாம்” என்றுதான் சொல்கிறோம்.

அக்கா இப்போது நன்றாக இருக்கிறார். தாடையில் ஒரு தழும்பு இருக்கிறது. கடன் தவணையை விடாமல் கட்டுகிறார். போன கூட்டத்தில் ஒரு தங்கை, பல் எடுத்த கன்னத்தைக் கையால் பிடித்தபடி வந்து உட்கார்ந்தார். அக்கா எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் கேட்டது இதுதான்: “கண்ணு, என்ன மாத்திர போடறே? சீட்ட எடு, பாப்போம்.”